அல்ஹம்துலில்லாஹ்வுக்கு அடுத்த கேள்வி

பணி ஓய்வு பெறுகிறவனுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எனக்கு வயது முப்பது. ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வழிகாட்டியாக அமர்ந்திருந்த மேசையை இந்த மாதத்தோடு விட்டுவிட்டு, வேறொரு வேலைக்காகப் பேர்கனுக்குப் போகிறேன். ஆகவே அந்த மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனின் ஒரே சொத்து அறிவுரை. இத்துறையில் புதிதாகக் கால்வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்தச் சொத்தை உங்கள்மீது ஈவிரக்கமின்றிச் செலவழிக்கப் போகிறேன்.

நான் ஒரு பேச்சாளன். அடக்கமாகச் சொல்வதானால், மிக நல்ல பேச்சாளன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிகளில் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் நோர்வேஜிய விவாத மேடைகள் வரை நான் வென்ற கிண்ணங்கள் எங்கள் வரவேற்பறை அலுமாரியை நிறைத்துவிட்டன. "இனி வெல்லாதையடா, தூசு தட்டி என்ர கை முறியுது" என்று அம்மா மன்றாடிய பிறகுதான் போட்டிகளுக்குப் போவதை நிறுத்தினேன். ஆகவே, இந்தப் பணியில் சேர்ந்தபோது என் திட்டம் தெளிவாக இருந்தது. குடும்பங்களின் துயரை நான் எடுத்துரைப்பேன், அதிகாரிகள் உருகுவார்கள், உதவிகள் பொழியும்.

அந்தத் திட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையே சொல்ல வருகிறேன்.

அதே கிழக்குப் பகுதியில், ட்வெய்ட்டாவில் வானைத் தொட்டு நிற்கும் அடுக்குமாடிகளில் ஒன்றின் மேல்தளத்தில் ஹொடான் என்ற சோமாலியத் தாய் வாழ்கிறார். கணவர் வர்சமே பேருந்து ஓட்டுநர். ஒரே மகள் இஃப்ரா, வயது ஏழு. பேச்சு இன்னும் வரவில்லை. அவளுடைய உலகின் மையம் அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி. அது மேலே போவதும் கீழே வருவதும், எண்கள் ஒளிர்வதும், கதவுகள் மூடித் திறப்பதும் அவளுக்குச் சலிப்பதே இல்லை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று ஹொடானிடம் அனுமதி கேட்டபோது, "எழுது. ஆனால் என்னை வடிவான பொம்பிளையா எழுது" என்றார். எழுதிவிட்டேன்: அவர் வடிவானவர்.) எங்களுக்குள் நிகழ்ந்த உரையாடல் எல்லாம் நோர்வேஜிய மொழியில்தான். ஆனால் அவர் குரலில் இருந்த சூடு எங்கள் வீட்டுச் சமையலறையின் சூடு என்பதால், அது என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே ஒலிக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே ஹொடான் என் பெருமைக்கு ஒரு சோதனை வைத்தார். பெற்றோரின் உரிமைகளைப் பற்றி நான் மிகச் சிறப்பாக விளக்கிக்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் நடுவே, நாற்காலியில் நிமிர்ந்தபடியே உறங்கிவிட்டார். நான் பேசும்போது ஒருவர் உறங்குவது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அதற்குக் காரணம் என் பேச்சு அல்ல என்ற முடிவுக்கு உடனே வந்தேன். பின்னர் அந்த முடிவு சரி என்றும் நிரூபணமாயிற்று. இஃப்ரா இரவில் மிகக் குறைவாகவே உறங்குவாள். அவள் விழித்திருக்கும் வேளையெல்லாம் கதவு திறக்கப்படலாம். கதவு திறந்தால் மின்தூக்கி. மின்தூக்கி கீழே இறங்கினால் வீதி. தாய் உறங்குவது எப்போது?

ஹொடானுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: நித்திரை. அதை 'கொம்யூன்' எனப்படும் நகராட்சி வழங்குகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பொறுப்பேற்க, பெற்றோர் ஓய்வெடுக்கும் ஏற்பாடு அது. நோர்வேஜிய மொழியில் 'அவ்லாஸ்ட்னிங்' என்பார்கள்; பாரமிறக்கல் என்று பொருள். விண்ணப்பித்தோம். வீட்டைப் பார்வையிட்டுத் தேவையை மதிப்பிட இங்கெர் என்ற அதிகாரி வருவதாக நாள் குறிக்கப்பட்டது.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மின்தூக்கிவரை சாம்பிராணி மணத்தது. வீடு பளிங்காக இருந்தது. மேசையில் சம்பூசா, நம் சமோசாவின் சோமாலிய உறவு, மலைபோலக் குவிந்திருந்தது. ஏலக்காய் போட்ட தேநீர், அல்வா, பேரீச்சம்பழம். ஹொடான் திருமண வீட்டுக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார். அக்காள் ஸஹ்ரா பக்கத்தில் காவல்தெய்வம்போல அமர்ந்திருந்தார். வர்சமே சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"இஃப்ரா எங்கை?" என்றேன்.

"மச்சாள் வீட்டை அனுப்பியாச்சு," என்றார் ஹொடான் மலர்ச்சியோடு. "விருந்தாளி வாற நேரம் அவள் நிண்டால் வீடு குழம்பிப்போம் எல்லோ?"

மகளின் தேவையை மதிப்பிட வருகிற அதிகாரிக்கு மகளைத் தவிர மற்ற எல்லாமே தயாராக இருந்தன.

இங்கெர் வந்தார். நல்ல பெண்மணி, ஒழுங்கானவர், கேள்விகளை வரிசையாக வைத்திருந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே அதற்குள் ஒரு சம்பூசா போய்விட்டது.

"மகள் எப்படி உறங்குகிறாள்?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹொடான். புகழெல்லாம் இறைவனுக்கே என்று பொருள்.

"சாப்பாடு?"

"அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் சாப்பிடுங்கோ. இன்னும் ஒண்டு எடுங்கோ."

"வெளியே ஓடிவிடும் பழக்கம் இருக்கிறதா?"

ஹொடான் சற்று யோசித்தார். "அவளுக்கு நடக்க விருப்பம்," என்றார். "நடக்கிறது உடம்புக்கு நல்லது தானே. அல்ஹம்துலில்லாஹ்."

"உங்களுக்குக் களைப்பு?"

"களைப்போ? எனக்கோ?" என்று சிரித்தார் ஹொடான். கண்களுக்குக் கீழே இரண்டு கருவளையங்களும் சேர்ந்து சிரித்தன.

நான் வர்சமேயைப் பார்த்தேன். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி, "ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார். விருந்தாளியின் முன் ஓர் ஆண்மகன் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

இங்கெர் ஒரு பெட்டி நிறையச் சம்பூசாவோடு விடைபெற்றார். சில வாரங்களில் முடிவு வந்தது. குடும்பம் சிறப்பான வளங்களும் உறவினர் துணையும் கொண்டது, நிலைமை சீராக உள்ளது, உதவி தேவையில்லை.

தம்பி தங்கைகளே, இதைக் கேட்டுச் சிரிக்கும் முன் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பனியில் வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு இருந்த என் அம்மா, கனடாவிலிருந்து சின்னம்மா வீடியோவில் அழைத்தபோது, "ஓம், இஞ்சை எல்லாரும் சுகம்" என்றார். கை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று சின்னம்மா கேட்டார். "அது இஞ்சத்தைக் குளிருக்குப் போடுறது" என்று அம்மா பதில் சொன்னார். குறையை வெளியே சொல்வது தோல்வி என்று கற்பிக்கப்பட்ட மக்கள் உலகெங்கும் உண்டு. சோமாலியர்கள் அதற்கு மேலும் ஒரு படி ஏறி நிற்கிறார்கள்: இறைவன் தந்த பிள்ளையைக் குறித்துக் குறை சொல்வது இறைவனைக் குறித்தே குறை சொல்வதாகும். அதையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதா?

மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். இரண்டாவது பார்வையிடல் உறுதியாயிற்று. ஆனால் ஹொடான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் இல்லையெண்டால் நான் இனிக் கேக்கமாட்டன். திரும்பத் திரும்பக் கேக்கிறதுக்கு வேறை பேர் இருக்கு, தம்பி." அந்தப் பேர் பிச்சை என்பது கேட்காமலே எனக்கு விளங்கியது.

எனவே பயிற்சி தொடங்கினேன். மேடைப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை. அவர் வீட்டு வரவேற்பறையிலேயே ஹொடானை நிற்க வைத்து, "சொல்லுங்கோ அக்கா: என் மகளைப் பார்த்துக்கொள்வது கடினம்" என்றேன்.

"என்ர மகளைப் பாக்கிறது..." என்று தொடங்கினார் ஹொடான். நிறுத்தினார். "பாக்கியம்."

"கடினம், அக்கா."

"கடினமான பாக்கியம்."

நாற்காலியில் இருந்த ஸஹ்ரா தொடையில் தட்டிச் சிரித்தார். ஸஹ்ராவைப் பற்றி ஒரு சொல். பேருந்தின் தாமதம், தக்காளியின் விலை, நோர்வேயின் நவம்பர், மருமகனின் மூக்கு ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் மூச்சுவிடாமல் முறைப்பாடு செய்யும் ஆற்றல் அவருக்கு உண்டு. ஆகவே அவரிடம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லுங்கோவன், இஃப்ராவைப் பற்றி?"

"இஃப்ராவைப் பற்றியோ?" என்று அவர் முகம் கல்லாயிற்று. "அவள் சொர்க்கத்துப் பிள்ளை. உனக்கு முறைப்பாடு வேணுமெண்டால் என்ர மருமகனைப் பற்றிக் கேள்."

வேறு வழியில்லை. செயல்முறை விளக்கம் தர முடிவு செய்தேன். எழுந்து நின்றேன், தொண்டையைச் செருமினேன், ஹொடானின் இடத்தில் என்னை வைத்துப் பேசினேன். முடிவில்லாத இரவுகளை விவரித்தேன். கதவருகே காத்திருக்கும் தாயின் கால்களை விவரித்தேன். உறக்கத்தை மறந்த கண்களைக் குறித்து நான் சொன்ன உவமை, சொல்லிக்கொள்ளக் கூடாது, என் வாழ்நாளின் சிறந்த உவமைகளில் ஒன்று. குரலை ஏற்றினேன், இறக்கினேன், இறுதியில் ஒரு மௌனத்தை வைத்தேன்.

ஹொடானின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. முக்காட்டின் நுனியால் துடைத்துக்கொண்டார்.

"பாவம்," என்றார். "ஆர் தம்பி அந்தப் பொம்பிளை?"

"அக்கா..."

"அவவுக்கு ஒருத்தரும் இல்லையோ? கொம்யூன் ஒண்டும் செய்யாதோ? நீ உப்பிடிக் கதைக்கிறனி, அவவுக்குப் போய் ஏதும் உதவி செய்யன்."

"அது நீங்கள்தான், அக்கா!"

"நானோ? சீச்சீ," என்று கண்ணைத் துடைத்து முடித்தார் ஹொடான். "எனக்கென்ன குறை? அல்ஹம்துலில்லாஹ். தேத்தண்ணி குடிக்கிறியே?"

என் பேச்சு ஒருவரை அழவைத்தும் முழுமையாகத் தோற்றுப்போன நாள் அது.

அலுவலகத்தில் என் மேலாளர் மேலும் ஒரு கதவைச் சாத்தினார். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் பிறந்து வளர்ந்த அவர், ஒரு சொல்லால் முடிவதை இரண்டு சொற்களால் முடிக்காதவர். இரண்டாவது பார்வையிடலில் குடும்பத்தின் சார்பில் நானே பேசிவிடலாமா என்று கேட்டேன். "கூடாது" என்றார். அதிகாரி கேட்க வேண்டியது குடும்பத்தின் குரலை. வழிகாட்டி இடையில் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. இதுவே எங்கள் பணியின் விதி. விதியை நான் மதிக்கிறேன். நீச்சல் வீரனிடம் கரையில் நின்று கவனி என்று சொன்னதுபோல் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது நாள் வந்தது. இம்முறை இஃப்ரா வீட்டில் இருக்க வேண்டும் என்று இங்கெர் கண்டிப்பாகக் கேட்டிருந்தார். அதே சாம்பிராணி, அதே சம்பூசா, அதே கழுத்துப்பட்டி. இங்கெர் வாசலில் காலணிகளைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். இஃப்ரா மஞ்சள் சட்டை போட்டு, தலை பின்னி, சன்னலோரம் நின்றாள். புதியவரை ஒரு முறை அளந்து பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், இங்கெரின் காலணிகளை எடுத்துவந்து, மிகுந்த பணிவோடு அவர் மடியில் வைத்தாள்.

அதன் பொருள் அந்த அறையில் இருந்த அனைவருக்கும் விளங்கியது: வந்தது போதும், புறப்படுங்கள்.

ஹொடான் பதறிவிட்டார். விருந்தாளியை இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று கைபிடித்து நிறுத்தும் வீட்டில் இதுபோல் ஓர் அவமானமா! "உங்களுக்கு மரியாதை செய்யிறாள்," என்று சமாளித்தார். "எங்கட ஊரிலை பெரிய ஆக்களுக்கு உப்பிடித்தான்."

"எந்த ஊரிலை?" என்றார் வர்சமே, அறியாமல்.

ஸஹ்ரா அவரை ஒரு பார்வை பார்த்தார். வர்சமே கழுத்துப்பட்டிக்குள் மறைந்தார். காலணிகள் வாசலுக்குத் திரும்பின.

கேள்விகள் தொடங்கின. உறக்கம்? அல்ஹம்துலில்லாஹ். சாப்பாடு? அல்ஹம்துலில்லாஹ். காலணிகள் மீண்டும் இங்கெரின் மடிக்கு வந்தன. மீண்டும் வாசலுக்குப் போயின. பாதுகாப்பு? அல்ஹம்துலில்லாஹ். பேசத் தெரியாத அந்தச் சிறுமி ஒருத்திதான் தன் மனத்தில் உள்ளதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்துக்கொண்டிருந்தாள். பேசத் தெரிந்த நாங்கள் அனைவரும் வாயில் சம்பூசாவோடு ஒரு பெரும் பொய்யைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இங்கெர் பேனாவை மூட ஆயத்தமானார். இனி எதுவும் சொல்வதற்கு இருக்கிறதா என்று கேட்டார். ஹொடான் புன்னகையோடு தலையசைத்தார்: இல்லை. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஆயத்தமாக இருந்த உரை தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்குவதற்காகக் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். வாசற்கதவு தெரிந்தது. வழக்கமான பூட்டு, அதற்கு மேல் ஒரு சங்கிலி, அதற்கும் மேல், கதவின் உச்சியில், நானே எக்கித்தான் தொடக்கூடிய உயரத்தில், புத்தம் புதிதாக ஒரு தாழ்ப்பாள்.

கேள்வி கேட்க எனக்கு அனுமதி உண்டு. "அக்கா," என்றேன், "அந்த மேல் தாழ்ப்பாள் புதுசு போல?"

"அதோ?" என்றார் ஹொடான். குரலில் எதுவோ மாறியது. "அதை என்ர மனிசன் திங்கக்கிழமைதான் போட்டவர். அவள் அண்டைக்கே திறந்திட்டாள்."

"அவ்வளவு உயரத்தையோ?"

"வீடு கூட்டுற தும்புத்தடியாலை!" என்றார் ஹொடான். முதுகு நிமிர்ந்தது, கண்கள் ஒளிர்ந்தன. "கதிரையிலை ஏறி, தும்புத்தடியைத் தலைகீழாப் பிடிச்சு, ஒரே தட்டு. ஏழு வயசு! இந்தக் கட்டடத்திலை எந்தப் பெரிய மனிசன் செய்வான், சொல்லு பாப்பம்?"

அந்தக் குரலை நான் அறிவேன். தற்பெருமையை எங்கு கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். நானும் அந்த ஊர்க்காரன்தானே. விவாத மேடையில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். அதே உண்மைகளைக் கொண்டு எதிர்ப்பக்கமும் பேச முடியும் என்று அங்கே கற்றவன் நான். இத்தனை நாளும் ஹொடானைத் தவறான பக்கத்தில் நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கிறேன்! அவரால் குறை சொல்ல முடியாது. ஆனால் மகளைப் புகழ்வதற்கு எந்தத் தடையும் இல்லை; புகழ்ந்தால் அது இறைவனுக்கும் சேரும்.

"உண்மையாவோ, அக்கா?" என்றேன். "வேறை என்னென்ன கெட்டித்தனம் இருக்கு அவளிட்டை?"

அணை உடைந்தது.

"ஏறுவாள்!" என்றார் ஹொடான். "பல்கனிக் கம்பியிலை ஏறி நிப்பாள், ஆடாமல் அசையாமல். அதுக்குப் பிறகு அவர் வலை அடிச்சவர்."

"வலையை அவிழ்த்திட்டாள்," என்றார் ஸஹ்ரா, தங்கையை முந்திக்கொண்டு. "பல்லாலை! அவ்வளவு உறுதியான பல்லு. என்ர மருமகனுக்கு முப்பது வயசிலை பாதி இல்லை."

"ராவிலை நித்திரை கொள்ளாமல் எவ்வளவு நேரம் இருப்பாள் தெரியுமோ? நாங்கள் எல்லாம் விழுந்திடுவம், அவள் விழமாட்டாள்."

"அடுப்பை ஏத்தத் தெரியும்!"

"அணைக்கத் தெரியாது," என்றார் வர்சமே.

"அணைக்கப் பழகுவாள்!" என்றனர் சகோதரிகள் இருவரும் ஒரே குரலில்.

இங்கெரின் பேனா மீண்டும் திறந்திருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. தம்பி தங்கைகளே, என் தொழில்வாழ்க்கையின் ஆகச் சிறந்த உரை, நான் பேசாமல் இருந்த அந்தச் சில நிமிடங்கள்தான்.

"இதைக் கேளுங்கோ," என்று இங்கெரின் முழங்கையைத் தொட்டார் ஹொடான். இப்போது அவர் விருந்தோம்புபவர் அல்லர், கதைசொல்லி. "போன மாசம் நானும் இவளும் ரயிலிலை வாறம். நான் கண்ணை மூடினது ஒரு செக்கன். முழிச்சுப் பாத்தால் பிள்ளை இல்லை, ரயில் கடைசித் தரிப்பிலை நிக்குது. நான் செத்துப்போனன். ஓடி ஓடித் திரும்பி வீட்டை வந்தால், என்ன நடந்ததெண்டு நினைக்கிறீங்கள்? தனியா ட்வெய்ட்டாவிலை இறங்கி, தனியா ரோட்டைக் கடந்து, லிஃப்ட்டிலை எங்கட மாடியை அமத்தி, கதவுக்கு முன்னாலை வந்து நிக்கிறாள்! ஒரு பிழையும் விடாமல்! சொல்லுங்கோ, எவ்வளவு மூளை..."

சொல் பாதியில் நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது ஹொடானுக்கு அப்போதுதான் எட்டியது. கை தானாக வாயை மூடியது. இந்நாட்டில் குடியேறிய பெற்றோர் அனைவரின் மனத்திலும் எப்போதும் ஒரு மூலையில் குந்தியிருக்கும் அச்சம் அந்த அறையில் எழுந்து நின்றது: பார்னவார்ன். பிள்ளைகளைக் கவனிக்காத பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் அதிகாரம் உள்ள துறை. தூங்கிவிட்ட தாய், தனியே வீதியைக் கடந்த பிள்ளை, எதிரே பேனாவோடு அதிகாரி.

என் உரை மீண்டும் தொண்டைக்கு வந்தது. இப்போது பேசினால் அந்தத் தாய்க்காக வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டிய குற்றம் ஒன்று இருப்பதாகவும் ஆகிவிடும். நான் பேசவில்லை. என் பார்வை வர்சமேயிடம் போயிற்று. "அண்ணை," என்றேன், "ராவிலை கதவை ஆர் காவல் காக்கிறது?"

அவர் கழுத்துப்பட்டியைத் தொட்டார். பிறகு அதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கீழ்ப் பூட்டை மகள் திறப்பாள்," என்றார். "சங்கிலியையும் திறப்பாள். மேல் தாழ்ப்பாள் இப்ப கேட்டனீங்கள்தானே. அவளாலை திறக்க ஏலாத ஒரே பூட்டு என்ர மனிசிதான். கதவோடை முதுகை வைச்சு நிலத்திலை இருக்கிறா. ஒவ்வொரு ராவும். நான் விடியப் பஸ் ஓட வேணுமெண்டு என்னை இருக்க விடமாட்டா. நான் பெரிய கட்டிலிலை தனியப் படுக்கிறன், ராசா மாதிரி." அவர் குரல் கொஞ்சம் நழுவியது. "நான் சொன்னனே, ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு. அது பொய்."

ஹொடான் கணவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

இங்கெர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "இதையெல்லாம் போன முறை ஏன் சொல்லவில்லை?"

பதில் ஸஹ்ராவிடமிருந்து வந்தது. "நீங்கள் பிரச்சினை என்னெண்டு எல்லோ கேட்டனீங்கள்? இது பிரச்சினையே? இது எங்கட பிள்ளை."

"என்னைப் பார்," என்றார் இங்கெர், ஹொடானிடம். இதை அவர் நோர்வேஜிய மொழியில் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பதை நான் தமிழில் கொண்டுவர முடியாது. "நான் உன் மகளைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. உன்னைப் படுக்க வைக்க வந்திருக்கிறேன்."

ஹொடான் அழவில்லை. "அப்ப இன்னும் ஒரு சம்பூசா எடுங்கோ," என்றார்.

எடுக்கும் வாய்ப்பு இங்கெருக்குக் கிடைக்கவில்லை. இஃப்ரா காலணிகளோடு மீண்டும் வந்து நின்றாள். இம்முறை ஒருவரும் தடுக்கவில்லை. இங்கெர் காலணிகளை வாங்கி, வரவேற்பறையின் நடுவிலேயே, கம்பளத்தின் மேலேயே, அணிந்துகொண்டார். நோர்வேயில் ஓர் அரசு அதிகாரி ஒரு குழந்தைக்காக இதைவிடப் பெரிய விதிமீறலைச் செய்து நான் கண்டதில்லை.

உதவி அனுமதிக்கப்பட்டது. வாரத்தில் சில இரவுகளும் ஒரு பகலும் பயிற்சி பெற்ற ஒரு பெண் வந்து இஃப்ராவோடு இருப்பார். மின்தூக்கியில் ஏறி இறங்குவதும் அவருடைய கடமைகளுள் அடக்கம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "என்ன கஷ்டம்?" என்ற கேள்விக்கு ஒரு குடும்பம் "ஒன்றுமில்லை" என்று விடை தந்தால், அது விசாரணையின் முடிவு அல்ல, நீங்கள் தவறான கதவைத் தட்டுகிறீர்கள் என்பதற்கான அறிகுறி. எதில் பெருமைப்படுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகு, நம்மில் பலருக்கு மிகக் கடினமான அந்தக் காரியத்தைச் செய்யுங்கள்: வாயை மூடிக்கொண்டிருங்கள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு பிற்பகலில் ஹொடான் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கும் முன்பே தொடங்கிவிட்டார்.

"தம்பி, நீங்கள் அனுப்பின பெட்டை இருக்கிறாளே, அவளைப் பற்றி நான் கதைக்கவேணும். பாஸ்தாவுக்கு உப்புப் போடத் தெரியாது. துவாயை மடிக்கத் தெரியாது. இஃப்ராவுக்குத் தலை பின்னி விடுறாள், காக்காக் கூடு மாதிரி. போன கிழமை சாமம் முழுக்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம், வீடு வீடா இருக்கேல்லை..."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அது முறைப்பாடு. முழுமையான, தங்குதடையற்ற, செம்மையாகக் கட்டப்பட்ட முறைப்பாடு. என் பயிற்சியில் ஒருபோதும் வராத சொற்கள் எல்லாம் அருவியாகக் கொட்டின. உறங்கி எழுந்தவரால் மட்டுமே அவ்வளவு உற்சாகமாகக் குறை சொல்ல முடியும்.

"அக்கா," என்றேன், அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ?"

"அதுதானே அடுத்த பிரச்சினை," என்றார் ஹொடான். "நான் குறட்டை விடுறனாம். என்ர மனிசனுக்கு நித்திரை வருதில்லையாம். தனக்கும் ஒரு அவ்லாஸ்ட்னிங் எடுத்துத் தரலாமோ எண்டு உன்னட்டைக் கேக்கச் சொன்னவர்."